சாகாத மாடும் இரும்பு மாடும்

கோரிப்பாளையம் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஷேர் ஆட்டோக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி என்று கூவுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பேத்தி கேட்டாள்: "ஏன் தாத்தா, மதுரையில மாடெல்லாம் தாவணி கட்டுமா?" சிரித்துவிட்டு அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கெங்கோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீளக் கயிறு. தாமணி என்றும் சொல்வதுண்டு. அப்படிக் கட்டி நிறுத்தி விற்கும் சந்தைக்கும் அதே பெயர் வந்துவிட்டது. அந்தச் சந்தை கூடிய மேட்டில்தான் 1999-ல் பேருந்து நிலையம் வந்தது. அதற்கு எம்.ஜி.ஆர். பெயர் இருக்கிறது, ஆனால் ஜனங்கள் வாயில் இன்றைக்கும் மாட்டுத்தாவணிதான்.

மாடு என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. பழைய தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் பொருள். வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அந்தப் பொருளில்தான் சொல்லியிருக்கிறார். இதில் நாம் மட்டும் தனி இல்லை. லத்தீனில் பெக்குஸ் என்றால் கால்நடை. அதிலிருந்து வந்தது பெக்கூனியா, அதாவது பணம். நான் சிறுவயதில் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே ஒரு வாத்தியார் கரும்பலகையில் ஷெப்தெல் என்று எழுதி, பக்கத்தில் கப்பித்தால் என்று எழுதுவார். முன்னது கால்நடைச் செல்வம், பின்னது முதல், மூலதனம். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். இங்கிலீஷில் மாட்டுக்குச் சொல்லும் கேட்டில் என்பதும் அதே குடும்பம். முதல் என்றால் தலை. தலையை எண்ணுவது மாட்டைத்தான். இந்தப் பாடம் எனக்கு மதுரைக்கு வந்து வேலை பார்த்த காலத்தில்தான் சரியாக விளங்கியது.

மாடு தானாக நடக்கும் சொத்து. நடக்கும் சொத்தை ஓட்டிக்கொண்டும் போகலாம். தொல்காப்பியத்தில் போர் என்பதே ஆநிரை கவர்வதில்தான் தொடங்குகிறது. கவர வந்தவர் சூடுவது வெட்சி, மீட்கப் போனவர் சூடுவது கரந்தை. இதெல்லாம் புலவர் கற்பனை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2006-ல் நம் வைகைக் கரையிலேயே பதில் கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்துபோன தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்டது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். தொல்காப்பியத்தில் வரும் அதே சொல், கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் வெட்டிய கல்லில் நிற்கிறது. எந்த ராஜாவுக்காகவும் அவன் சாகவில்லை. மாட்டுக்காகச் செத்தான், ஊரார் கல் நட்டார்கள்.

கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புகளிலும் பாதிக்கு மேல் பசு, காளை, எருமை, ஆடு என்றுதான் கண்டார்கள். வைகைக் கரை மனிதனும் மாடும் சேர்ந்து குடியேறியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்தச் செல்வம் எதில் இருந்தது? பால் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பாக்கெட் பால் குடிக்கிற நம் புத்தி அது. மதுரைச் சீமையின் பழைய மாடு, புலிக்குளம் மாடு, பாலுக்குப் பேர் போனதில்லை. கன்றுக்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். அதன் செல்வம் சாணியிலும் கழுத்திலும் இருந்தது. நூறு, இருநூறு உருப்படிகளைக் கிடை மாடாக ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் ராத்திரி ராத்திரியாகக் கிடை போடுவார்கள். ஒரு ராத்திரிக் கிடைக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார். விடிந்ததும் அடுத்த வயல். மூத்திரமும் சாணியும் மண்ணில் இறங்கி, அடுத்த வெள்ளாமைக்கு அதுவே உரம். மதுரையிலும் சிவகங்கையிலும் இது இன்றைக்கும் அடியோடு போய்விடவில்லை. ஜல்லிக்கட்டில் சீறிக்கொண்டு வரும் காளைகளில் பாதி இந்தக் கிடைகளில் பிறந்ததுதான். 2017 ஜனவரியில் தமுக்கம் முன்னால் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோது நானும் கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போய் ஓரமாக நின்று பார்த்தேன். காளையைப் பற்றி நிறையப் பேசினார்கள். கிடைக்காரரைப் பற்றி யாரும் பேசியதாக என் காதில் விழவில்லை. ஒரு குறையாகச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொல்கிறேன்.

அடுத்தது கழுத்து. உழவு, வண்டி, சூடடித்தல், செக்கு, கமலை. கமலை பார்த்தவர்கள் இப்போது என் வயசுக்காரர்கள்தான் இருப்பார்கள். கிணற்றடியிலிருந்து சரிவாக வெட்டிய பாதையில் இரண்டு காளைகள் இறங்கும், வடம் இழுக்கும், கிணற்றுக்குள்ளிருந்து கூனை நிறையத் தண்ணீர் மேலே வந்து, அடியில் கட்டிய தோல் தும்பி வழியாகத் தொட்டியில் கொட்டும். காளைகள் பின்னாலேயே நடந்து மேலே ஏறும். விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை. மின்சார மோட்டார் வந்தபின்தான் காளைகளுக்கு ஓய்வு. அந்த ஓய்வே அவற்றுக்கு வினையாகவும் முடிந்தது. வேலை இல்லாத காளையை எத்தனை நாள் தீனி போட்டு வைத்திருப்பார்கள்?

தோல் தும்பி என்றேன். அதை யார் தைத்தார்கள் என்பதையும் எழுதாவிட்டால் இது முழுக் கட்டுரை ஆகாது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிடுகிறோம். அதே மாடு செத்தால் தூக்கிப்போக ஊருக்கு வெளியே இருந்து ஆள் வரவேண்டும். தோலை உரித்து, பதப்படுத்தி, கமலைக்குத் தும்பியும் காலுக்குச் செருப்பும் சாவுக்கும் சாமிக்கும் பறையும் அவர்கள் செய்துகொடுத்தார்கள். களத்தில் கடைசியாக நின்று நெல் வாங்கிப்போனதும் அவர்கள்தான். உயிரோடு இருக்கிற பசுவைத் தொட்டால் புண்ணியம், செத்த பசுவைத் தொட்டவன் தீட்டு. கிராமத்தில் மாட்டின் பெருமையைப் பேசுகிற எந்தப் புத்தகத்திலும் இந்தப் பக்கம் கிழிந்துதான் இருக்கிறது.

இனி கோயிலுக்கு வருகிறேன். உண்மையில் நான் எழுத நினைத்தது இதைத்தான்.

கோயில் கல்வெட்டுகளில் சாவா மூவாப் பேராடு என்று ஒரு தொடர் வரும். சோழ நாட்டிலும் வரும், பாண்டிய நாட்டிலும் வரும். யாரோ ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு ஏற்றி வைக்க விரும்புகிறார். இரவும் பகலும் எரிய நெய் வேண்டும். நெய்க்காகப் பணம் கொடுத்தால் செலவாகிவிடும். ஆகவே ஆடோ மாடோ கொடுக்கிறார். கோயில் அவற்றைத் தானே வைத்துக்கொள்ளாது. மன்றாடி, இடையர் என்று கல்வெட்டு சொல்கிற மேய்ப்பவர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடும். அவர்கள் நாள் தவறாமல் அளவு நெய் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ள வரை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. கொடுக்கவேண்டியது நாள் ஒன்றுக்கு ஒரு உழக்கு நெய். அதாவது ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஒரு எருமை மூன்று பசுவுக்குச் சமம். ராஜராஜன் காலத்து மாற்று விலைப்பட்டியல் என்றே இதைச் சொல்லலாம். கோமாதா என்று கும்பிட்ட அதே சமூகம், எருமையில் கொழுப்பு அதிகம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஒரு உழக்கும். அதை 48 பசுவுக்குப் பங்கிட்டால், ஒரு பசுவுக்கு வருஷம் முழுவதற்கும் இரண்டு நாழிக்கும் குறைவு. இவ்வளவு சின்ன வாரத்துக்கு எதற்காக 48 பசு? நான் போட்ட கணக்கு இது: 48-ல் ஒரு நேரத்தில் கறப்பது மூன்றில் ஒரு பங்கு, பதினாறு என்று வைப்போம். கன்று குடித்தது போக ஆளுக்கு ஒரு லிட்டர் மிஞ்சினால் பதினாறு லிட்டர். கடைந்து உருக்கினால் அரைக் கிலோவுக்கு மேல் நெய் தேறும். கோயிலுக்கு உழக்கு போக மேய்ப்பவன் வீட்டுக்கும் நெய் உண்டு, மோர் உண்டு, சாணி உண்டு, காளைக் கன்று உண்டு. முதல் பார்வைக்குக் கோயில் மிகவும் தாராளமாக நடந்துகொண்டது போலத் தெரிகிறது.

ஆனால் அந்த இரண்டு சொற்களைப் பாருங்கள். சாவா, மூவா. சாகாதவை, கிழடு தட்டாதவை. எந்த மாடு சாகாமல் இருக்கும்? செத்ததற்கும் கிழண்டதற்கும் பதிலாகக் கன்றுகளை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்கவேண்டியது மேய்ப்பவன் பாடு என்பதுதான் அதன் அர்த்தம். மழை பொய்த்தாலும் கோமாரி வந்தாலும் 48 என்பது 48-தான். அவனால் முடியாமல் போனால் என்ன செய்வது என்று, உறவினரையும் சக மேய்ப்பர்களையும் புணையாகக் கட்டி வைத்ததும் உண்டு. இந்தக் காலத்து ஜாமீன் கையெழுத்து. கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கிறது, விளக்கு எரிகிறது, முதல் அழியவில்லை. மாட்டின் சாவை மட்டும் ஒருவன் தன் தலையில் வாங்கிக்கொண்டான். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, இந்தச் சீமையில் மனிதர்களோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்ததைப் படிக்கும்போதெல்லாம், அதற்கு முன்பு எத்தனை பஞ்சங்களில் எத்தனை சாகாத மாடுகள் செத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. ஏற்கெனவே வேறு பெயரில் கேட்டிருந்தேன். அப்பா காரைக்காலில் ஒரு நொத்தேர் ஆபீசில் பத்திரம் நகல் எடுக்கும் குமாஸ்தா. வீட்டில் சிவப்பு அட்டை போட்ட கோத் சிவில் ஒன்று இருந்தது. நெப்போலியன் 1804-ல் கொண்டுவந்த சட்டப் புத்தகம். அதில் வீட்டு வாடகை, நிலக் குத்தகையோடு சேர்த்து மாட்டுக் குத்தகைக்கும் ஒரு பகுதி உண்டு; 1800-வது பிரிவிலிருந்து 1831 வரை. எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு மாடு விடுவது என்று சொல்வோமே, அதுதான். மாடு ஒருவருடையது, மேய்ப்பது இன்னொருவர். சாதாரண வாரத்தில் பெருக்கத்தில் பாதி, நஷ்டத்தில் பாதி. பாலும் எருவும் உழைப்பும் மேய்ப்பவருக்கே. மேய்ப்பவர் தப்பில்லாமல் மந்தை முழுவதும் அழிந்தால் நஷ்டம் சொந்தக்காரருக்கு. ஒரு பகுதி மட்டும் போனால் இருவருக்கும் பொது. செத்த மாட்டின் தோலுக்கு மட்டும் மேய்ப்பவர் எப்போதும் கணக்குச் சொல்லவேண்டும். பிரான்ஸ் தேசத்துக் குடியானவனும் நம் ஊர்க்காரனும் ஒரே மாதிரி ஏமாற்றியிருப்பான் போலிருக்கிறது.

அதே பகுதியில் இன்னொரு வகை இருக்கிறது. அதற்குப் பெயர் ஷெப்தெல் த ஃபேர், இரும்பு மாட்டுக் குத்தகை. பண்ணையைக் குத்தகைக்கு விடும்போது மாடுகளையும் விலைபோட்டுச் சேர்த்துக் கொடுப்பார்கள். குத்தகை முடிகிற அன்று அதே மதிப்புள்ள மாடுகள் நிற்கவேண்டும். நடுவில் எது செத்தாலும், இடி விழுந்து மொத்தமாகப் போனாலும், நஷ்டம் முழுக்கக் குத்தகைக்காரனுக்கு. இரும்பு சாகாது இல்லையா, அதனால் அந்தப் பெயர். இரும்பு மாடு சாவதே இல்லை என்று ஜெர்மானியரிடம் சட்டப் பழமொழியே உண்டு. நம் ஊர்க் கல்தச்சன் சாவா மூவா என்று செதுக்கியதும் அங்கே இரும்பு என்று எழுதியதும் ஒரே யோசனை. யாரைப் பார்த்து யாரும் எழுதவில்லை. மாடு முதலாக இருக்கிற ஊரில், முதல் சாகக்கூடாது என்று முதல்போட்டவன் நினைப்பது இயற்கைதானே.

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

1961, ஐப்பசி மாதம். காரைக்கால் கைமாறி ஏழு வருஷம் ஆகியும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டில்தான் நடந்தது; அதனால் அப்போதும் பிரெஞ்சு சட்டம்தான் பேச்சில் அடிபடும். எங்கள் தாத்தாவுக்கு நெடுங்காடு பக்கம் கொஞ்சம் நிலமும் நாலைந்து மாடும் இருந்தன. அதில் ஒரு பசுவை வாரத்துக்கு ஒரு விதவை அம்மாளிடம் விட்டிருந்தார். நாங்கள் பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுவோம். தலைக்கன்று ஆயாவுக்கு, அடுத்தது தாத்தாவுக்கு என்று பேச்சு. தலைக்கன்று கிடேரியாகப் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அடைமழையில் தொண்டை அடைப்பான் வந்தது. சாயங்காலம் தீனி எடுக்காமல் நின்ற பசு விடிவதற்குள் செத்துவிட்டது. ஆயா நனைந்துகொண்டு வந்து கொல்லைப்பக்கம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "பெரியய்யா, நான் ஒரு தப்பும் பண்ணலங்க" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "உசிரோட குடுத்தேன். உசிரோட ஒரு மாடு என் தொழுவத்துல நிக்கணும். எப்படியோ, எனக்குத் தெரியாது."

அப்பா பேசாமல் உள்ளே போய்ச் சிவப்புப் புத்தகத்தை எடுத்துவந்தார். பிரெஞ்சில் படித்து, தமிழில் சொன்னார். மேய்க்கிறவர் தப்பில்லாமல் போனால் நஷ்டம் நம்முடையது, அவரிடம் கேட்கமுடியாது என்றார்.

"அது வெள்ளக்காரன் மாட்டுக்கு எழுதினதுடா."

"மாடு எல்லா ஊர்லயும் மாடுதாம்ப்பா."

தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கேட்டதை மறக்கமாட்டார். "இன்னொரு தரம் படி" என்றார். அப்பா படித்தார். முழுவதும் போனால் சொந்தக்காரருக்கு, ஒரு பகுதி போனால் இருவருக்கும் பொது என்ற இடத்தில் தாத்தா கையைத் தூக்கினார். "நிறுத்து. முழுசும் எங்க போச்சு? கன்னு நிக்குதுல்ல? அப்ப நஷ்டம் பாதிப் பாதி. அவ பாதிக்கு நான் கன்ன எடுத்துக்கிறேன். உன் புஸ்தகப்படிதான்."

அப்பா புத்தகத்தை மூடினார். தலைக்கன்று ஆயாவுடையது, அது மந்தைக் கணக்கில் சேராது என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல இடமிருந்தது என்று பல வருஷம் கழித்து நானே அந்தப் பிரிவுகளைப் படித்தபோது தோன்றியது. அன்றைக்கு அவர் சொல்லவில்லை. தகப்பனாரை எதிர்த்து ஒரு தடவைக்கு மேல் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மழை விட்டதும் கன்றை ஓட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்குப் பதினோரு வயசு. ஆயா கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "மெல்லக் கூட்டிப் போ தம்பி, பழகாத பாதை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கன்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து நான் மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-ல் ஆரம்பித்து, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு வங்கிக் கடனில் கறவை மாடு. விலையில் ஒரு பகுதி அரசு மானியம். சிறு விவசாயிக்குக் கால் பங்கு, குறு விவசாயிக்கும் கூலி ஆளுக்கும் மூன்றில் ஒரு பங்கு. மீதியைப் பால் விற்று அடைக்கவேண்டும். மாட்டின் காதில் எண் போட்ட வில்லை ஒன்றை அடித்துவிடுவார்கள். மாடு செத்தால் இன்சூரன்ஸ் உண்டு; ஆனால் வில்லையோடு காதை அறுத்துக் கொண்டுவந்து காட்டவேண்டும். தோலுக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்று கோத் சிவில் கேட்டது; இங்கே காது. ஒரே செத்த மாட்டை இரண்டு பேர் காட்டிப் பணம் வாங்குவதும், சந்தையில் ஒரே மாட்டை நாலு பேருக்கு வாங்கியதாக எழுதுவதும் நடந்த காலம்தான். விதியைக் குறை சொல்லமுடியாது.

நான் பார்த்த திட்டத்து மாடுகள் அநேகமாகக் கலப்பின மாடுகள். நிறையப் பால் கறக்கும், நிறையத் தின்னும், வெயில் தாங்காது. புலிக்குளம் மாடு போல வேலியோரம் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாது, அடர்தீவனம் வேண்டும். தீவனத்துக்குக் காசில்லாத வீட்டில் அது கறப்பது குறையும், தவணை தவறும். பிறகு ஒரு நாள் மாடு சாகும். திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. 48 பசுவில் 16 கறந்தால் போதும் என்று வைத்த பழைய கணக்கில் இருந்த இடைவெளி, ஒரே ஒரு மாடு வைத்திருப்பவளுக்குக் கிடையாது.

ஒரு திங்கள்கிழமை, மனு நாள், ஒரு அம்மாள் வந்தார். மஞ்சள் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். பிரித்தால் காது. வில்லை இல்லை, அது இருந்த இடத்தில் கிழிந்திருந்தது. கருவேல முள்ளில் மாட்டி அறுந்துபோனதாம், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையாம். கால்நடை மருத்துவர் சான்றிதழ் கையில் இருந்தது. "சார், இது என் மாட்டுக் காதுதான் சார், நான் பொய் சொல்லல" என்றார்.

எனக்குக் கொல்லைப்பக்கம் நனைந்து நின்ற ஆயா ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து என்ன? நான் கோப்பில் காது வில்லை இல்லை என்று எழுதி மேலே அனுப்பினேன். அதுதான் உண்மை, வேறு எப்படி எழுதமுடியும்? கூடவே மருத்துவர் சான்றிதழ் உள்ளது, பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். குமாஸ்தா ஒருவன் சேர்க்கக்கூடியது அவ்வளவுதான். உரிமைத்தொகை மறுக்கப்பட்டு வந்தது. மாடு போய்விட்டது, கடன் அசல் அப்படியே நின்றது. அந்த அம்மாள் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார், பிறகு வரவில்லை.

இப்போது கோயிலுக்கு வரும் உபரி மாடுகளைக் கிராமப் பூசாரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுக்கிறார்கள். 2011-ல் தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுக்க ஆரம்பித்தது. பத்திரிகையில் படம் பார்க்கும்போதெல்லாம், செத்தால் யார் கணக்கு என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். என் வீட்டுக்காரி சிரிப்பாள்: "மாடு வாங்குற அன்னிக்கே சாவப் பத்திப் பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

1990-ல் பத்தாயிரம் ரூபாய் வரையிலான கிராமக் கடன் தள்ளுபடி வந்தது. எங்கள் ஒன்றியத்துப் பயனாளிகள் பட்டியல் நகல் ஒன்று மேஜைக்கு வந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பெயர் பெயராக விரல் வைத்துத் தேடினேன். மூன்றாவது தாளில், கீழிருந்து நாலாவது வரியில் அந்த அம்மாளின் பெயர் இருந்தது. பக்கத்தில், கடன் நோக்கம் என்ற கட்டத்தில், கறவை மாடு 1 என்று அப்போதும் எழுதியிருந்தது.